வசந்தக் கணக்கு

வசந்தத்தை எல்லோரும் சேர்ந்து இளமையின் பெயருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். பாட்டானாலும் படமானாலும் அது காதலர்களின் பருவம்தான். எனக்கு அதில் மனத்தாங்கல் இல்லை. அந்த வயதில் நானும் அப்படித்தான் அதை அனுபவித்தேன். ஆனால் அப்போது என் கண்ணில் பட்டதெல்லாம் வந்து முடிந்த வசந்தம். வேலைக்கு ஓடும் அவசரத்தில், பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு தெருவைக் கடக்கும்போது, திடீரென்று ஒருநாள் மரமெல்லாம் பச்சையாக நிற்கும். எப்போது துளிர்த்தது, எந்தக் கிளை முந்தியது, யாருக்குத் தெரியும்?

வருகிற வசந்தத்தைப் பார்க்க நேரம் வேண்டும். ஒரே இடத்தில் இருக்க வேண்டும். நாள் தவறாமல் அதே ஜன்னலைத் திறக்க வேண்டும். இவை எல்லாம் சேர்ந்து எனக்குக் கிடைத்தது பாட்டியான பிறகுதான். அதனால் இந்தப் பருவத்துக்கு எங்களுக்கும் ஒரு பாத்தியதை உண்டு என்று சொல்லவே இதை எழுதுகிறேன். ஓய்வுபெற்றவர்களின் பொழுதுபோக்கு என்று இதை யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன். பார்ப்பது ஒரு வேலை. பார்த்ததைக் குறித்து வைப்பதும், அடுத்தவருக்குச் சொல்வதும் வேலைதான்.

அந்த வேலை இருட்டிலேயே தொடங்கிவிடுகிறது. விடிவதற்கு வெகு முன்பே எனக்கு விழிப்பு வந்துவிடும். வயதாக ஆக உடலுக்குள் இருக்கும் கடிகாரம் முன்னே நகர்ந்துவிடுகிறது. மாலையிலேயே கண் சொக்கும், அதிகாலையிலேயே தூக்கம் கலையும். போர்வைக்குள் புரண்டபடி விடியலுக்காக ஏங்கிய ஆண்டுகள் உண்டு. பிறகு ஓர் ஆய்வைப் பற்றிப் படித்தேன். தான்சானியாவில் வேட்டையாடியும் கிழங்கு தோண்டியும் வாழும் ஹாட்ஸா மக்களின் தூக்கத்தை டேவிட் சாம்சன் என்ற மானுடவியலாளரும் அவருடைய குழுவினரும் அளந்து 2017-இல் வெளியிட்டார்கள். 33 பெரியவர்களைச் சுமார் 20 நாட்கள் கவனித்திருக்கிறார்கள். அத்தனை பேரும் ஒரே சமயத்தில் ஆழ்ந்து தூங்கிய நேரத்தைக் கூட்டிப் பார்த்தால் மொத்தமே 18 நிமிடம்தான் வந்ததாம். மற்ற நேரமெல்லாம் யாராவது ஒருவராவது விழித்திருந்தார். வயதுக்கு வயது தூங்கும் நேரம் மாறுவதே கூட்டத்துக்குக் காவலாக அமைந்திருக்கலாம் என்பது அவர்கள் கருத்து.

அதைப் படித்த பிறகு படுக்கையில் புரள்வதை விட்டுவிட்டேன். சால்வையைப் போர்த்திக்கொண்டு ஜன்னலோரம் போய் உட்கார்ந்துவிடுகிறேன். வீட்டில் எல்லோரும் தூங்க, ஒருத்தி விழித்திருக்கிறாள் என்பது எனக்கு நிறைவாக இருக்கிறது.

குளிர்காலம் நெடுக அந்த நேரத்தில் வெளியே ஒரு சத்தமும் இருக்காது. பிறகு ஏதோ ஒரு நாள், இன்னும் இருட்டாக இருக்கும்போதே, ஒரு பறவை குரல் கொடுக்கும். தயங்கித் தயங்கி இரண்டு மூன்று சுரம், பிறகு நிறுத்திவிடும். குளிர் அன்றும் முந்தின நாளைப் போலவேதான் இருக்கும், மரம் மொட்டையாகத்தான் நிற்கும். அப்படியிருக்க அந்தப் பறவைக்கு மட்டும் எப்படித் தெரிந்தது? வெப்பத்தைவிட வெளிச்சம்தான் அதற்கு நம்பகமான தகவல். வெப்பம் ஏமாற்றும், நடுக் குளிரிலும் ஒருநாள் வெயில் கொளுத்தும். பகலின் நீளம் ஏமாற்றாது. அதை அளக்கப் பறவைக்குக் கண்கூடத் தேவையில்லை. அதன் மூளையின் ஆழத்தில் ஒளியை உணரும் செல்கள் இருக்கின்றன. இறகையும் தோலையும் மண்டை ஓட்டையும் ஊடுருவி வெளிச்சம் அங்கே போய்ச் சேர்கிறது. பிரெஞ்சு ஆய்வாளர் ஜாக் பெனுவா 1930-களில் வாத்துகளை வைத்து இதைக் காட்டினார். அந்தச் சின்னத் தலைக்குள் நேராக விடியல் இறங்குகிறது என்பதை நினைத்தாலே எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

வெளிச்சத்தின் நகர்வை என் அறையிலேயே பார்க்கலாம். குளிர்காலத்தில் சூரியன் தாழ்வாக வருவதால் வெயில் ஜன்னல் வழியாக நெடுந்தூரம் உள்ளே வந்து எதிர்ச் சுவரின் அடி வரைக்கும் விழும். சூரியன் உயர உயர அந்த வெயில் கட்டம் தரையில் பின்வாங்கி, ஜன்னலை நோக்கி நகர்ந்துகொண்டே போகும். அதன் பின்னால் என் நாற்காலியும் நகரும். அலமாரிக்குப் பக்கத்தில் இருந்த நாற்காலி கம்பளத்தின் நடுவுக்கு வந்து, அங்கிருந்து ஜன்னல் மேடைக்கே வந்துவிட்டால் வசந்தம் வந்துவிட்டது என்று அர்த்தம். வசந்தத்தில், பூமியின் வடபாதியில் இருப்பவர்களுக்கு மார்ச் 20 வாக்கிலும், தென்பாதியில் இருப்பவர்களுக்கு செப்டம்பர் 22, 23 வாக்கிலும் பகலும் இரவும் ஏறக்குறையச் சமமாகும். பகல் மிக வேகமாக நீளுவதும் அந்த நாட்களில்தான். துருவத்தை நெருங்க நெருங்க அந்த வேகம் இன்னும் கூடும். நாட்காட்டியைப் பார்க்காமலே, நாற்காலிக் காலின் தடத்தைப் பார்த்து நான் அதைச் சொல்லிவிடுவேன்.

காலை வெயிலில் காலை நீட்டி உட்காரும் சுகத்தைச் சொல்லாமல் விட முடியாது. முழங்காலில் இறுகியிருந்த ஏதோ ஒன்று மெல்ல மெல்ல இளகும். வயதான தோல் வெயிலிலிருந்து வைட்டமின் டி செய்துகொள்ளும் திறன் இளம் வயதில் இருந்ததில் பாதிக்கும் குறைவுதான் என்று 1980-களிலேயே கண்டறிந்திருக்கிறார்கள். அதனால் வெயிலை மட்டும் நம்பி இருக்காமல் மருத்துவர் சொன்ன மாத்திரையையும் போட்டுக்கொள்கிறேன். ஆனால் மாத்திரை முழங்காலைத் தடவிக் கொடுப்பதில்லை.

இந்த ஜன்னலில் எனக்குக் கிடைத்த பெரிய பரிசு நீல நிறம். கண்புரை மெல்ல மெல்லத்தான் வளரும். கண்ணின் வில்லை ஆண்டுக்கு ஆண்டு மஞ்சளித்து, பிறகு பழுப்பேறி, நீல ஒளியை உள்ளே விடாமல் தடுத்துவிடுகிறது. அது மெதுவாக நடப்பதால் இழப்பது நமக்கே தெரிவதில்லை. வானம் வெளுத்துப்போனதாகவும், புதுத் துணிகளுக்குச் சாயம் சரியில்லை என்றும்தான் நினைத்துக்கொண்டிருப்போம். ஓவியர் குளோத் மோனே பல ஆண்டுகள் இந்தப் புரையோடு வண்ணம் தீட்டினார். வண்ணக் குழாயில் எழுதியிருக்கும் பெயரைப் பார்த்து வண்ணத்தைத் தேர்ந்தெடுக்கும் நிலைமை வந்து, 1923-இல் வலது கண்ணில் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். என் சிகிச்சை குளிர்காலத்தின் கடைசியில் நடந்தது. கட்டை அவிழ்த்து, சொட்டு மருந்து நாட்கள் எல்லாம் கடந்து, ஒருநாள் காலை ஜன்னலைத் திறந்தேன். வானம் நீலமாக இருந்தது.

என்ன நீலம் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. சிகிச்சை செய்த கண்ணை மூடினேன். பழைய தாளின் நிறத்தில் வானம். அதைத் திறந்து மற்றதை மூடினேன், நீலம். மாற்றி மாற்றி எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று தெரியாது. பல வசந்தங்களை நான் பழுப்பு வழியாகவே பார்த்திருக்கிறேன் என்பது அப்போதுதான் புரிந்தது. எங்கள் மாடிப்படி விளிம்பில், விரிசலில் ஒரு களை வளரும்; கடுகு அளவில் பூப்பூக்கும். அதை எப்போதும் வெள்ளை என்று நினைத்திருந்தேன். அது வெளிர் நீலம். பூவின் உள்ளே, கண்ணுக்கே தெரியாத அளவில், இன்னும் அடர்ந்த நீலத்தில் கோடுகள். என் வயதில் கண்புரை சிகிச்சையைத் தள்ளிப்போடுகிறவர்களிடம் நான் ஒரே ஒரு காரணம்தான் சொல்வேன்: உங்களுக்கு வரவேண்டிய நீலம் காத்துக்கிடக்கிறது.

ஜன்னலுக்கு எதிரே ஒரு மல்பெரி மரம் நிற்கிறது. மற்ற மரங்கள் இரண்டு நாள் வெயிலைக் கண்டதும் அவசரப்பட்டுத் துளிர்த்துவிடும். பின்னால் வரும் ஒரு குளிர் இரவில் தளிரெல்லாம் கருகிவிடும். மல்பெரி அவசரப்படாது. குளிர் இனித் திரும்பாது என்று உறுதியான பிறகுதான் மொட்டை அவிழ்க்கும். அதனாலேயே ரோமாபுரியின் அறிஞர் மூத்த பிளினி, சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன்பு, மரங்களிலேயே அறிவு மிகுந்தது இதுதான் என்று எழுதிவைத்தார். துளிர்க்கத் தொடங்கிவிட்டால் பிறகு தயக்கமே கிடையாது. முழு மரமும் சேர்ந்து விரியும். என் நாளின் பெரும்பகுதி இந்த மரத்தைக் காவல் காப்பதில் போகிறது. மொட்டு முதலில் கறுத்துத் தடித்துப் பளபளக்கும். பிறகு செதில்களுக்கு நடுவே மயிரிழை அளவுக்கு ஒரு பச்சை. அந்தப் பச்சையைக் காண்பதற்காக நான் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பேன்.

வெள்ளை மல்பெரியின் ஆண் பூவைப் பற்றி அறிந்தபோது வியப்பு இரு மடங்கானது. பார்ப்பதற்கு அது ஒன்றுமே இல்லை; பச்சையாகத் தொங்கும் ஒரு சிறு சரம். ஆனால் அதன் மகரந்தத் தாள்கள் முறுக்கேறிக் காத்திருந்து, வெடித்து நிமிரும்போது மகரந்தம் ஒலியின் வேகத்தில் பாதிக்கும் அதிகமான வேகத்தில் பாய்கிறதாம். 2006-இல் அதிவேகக் கேமராவில் பிடித்து அளந்திருக்கிறார்கள். தெருவில் எல்லோரும் அதைக் கடந்து போய்க்கொண்டிருக்கிறார்கள். நானும் என் நாற்காலியும் அந்தச் சரங்களுக்கு நேர் எதிரே இருக்கிறோம், எங்களுக்கும் தெரிவதில்லை. ஆனால் நடந்துகொண்டிருக்கிறது என்று தெரிந்து உட்கார்ந்திருப்பது வேறு.

இதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதுகிறேன். கோடு போட்ட சாதாரண பள்ளிக்கூட நோட்டு. முதல் பறவைக் குரல், ஜன்னல் திறந்தே இருந்த முதல் இரவு, முதல் எறும்பு வரிசை, சிட்டுக்குருவி முதலில் வைக்கோலைக் கவ்விக்கொண்டு போன நாள், மல்பெரியில் முதல் பச்சை. தேதியும் ஒரு வரியும், அவ்வளவுதான். நாட்கணக்கில் ஒன்றும் நடக்காது. பிறகு ஒரே நாளில் நாலு வரி எழுத வேண்டியிருக்கும்.

இதற்கு முன்னோடிகள் இருக்கிறார்கள் என்று தெரியவந்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி கொஞ்சமல்ல. இங்கிலாந்தின் நார்ஃபோக்கில் ராபர்ட் மார்ஷம் என்ற நிலக்கிழார் 1736-இல் இப்படி எழுதத் தொடங்கினார். முதல் தகைவிலான் குருவி, முதல் குயில் குரல், தவளைகள் கத்தத் தொடங்கும் நாள், ஓக் மரம் இலைவிடும் நாள் என்று 27 அடையாளங்களை ஆண்டுதோறும் குறித்தார். 1789-இல் அவை லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வெளிவந்தன. அவர் 1797-இல் இறந்தார். கணக்கு நிற்கவில்லை. இடையில் சில ஆண்டுகள் விட்டுப்போனாலும், அந்தக் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக யாராவது ஒருவர் எடுத்து எழுதி, 1958 வரைக்கும் கொண்டுவந்து சேர்த்தார்கள். ஜப்பானின் கியோட்டோவில் கணக்கு இதைவிடப் பழையது. செர்ரி மரங்கள் முழுவதுமாகப் பூத்த நாளை அரசவையினரும் துறவிகளும் தங்கள் நாட்குறிப்புகளில் 9-ஆம் நூற்றாண்டிலிருந்தே எழுதிவைத்திருக்கிறார்கள். யாசுயுகி அவோனோ என்ற ஆய்வாளர் அவற்றைத் தேடிப் படித்துத் தேதிகளைத் திரட்டினார். 2021-இல் மார்ச் 26 அன்றே செர்ரி முழுதாகப் பூத்துவிட்டது. அந்த 1,200 ஆண்டுக் கணக்கில் அதுவரை எந்த வசந்தமும் அவ்வளவு சீக்கிரம் வந்ததில்லை. பூமி சூடாகிறது என்பதற்குக் கருவிகள் காட்டும் எண்கள் ஒருபக்கம். அன்று மலர் பார்க்கப் போய்வந்து இரவில் விளக்கடியில் தேதி எழுதிவைத்த ஏதோ ஒரு துறவி இன்னொரு பக்கம். அவருக்கு எதை நிரூபிக்கிறோம் என்று தெரியாது. பார்த்தார், எழுதினார்.

என் நோட்டிலும் மல்பெரி முன்னுக்கு வந்துகொண்டிருக்கிறது. ஓர் ஆண்டு பின்னே போகும், மறு ஆண்டு அதைவிட முன்னே வரும்; நோட்டின் முதல் பக்கங்களையும் கடைசிப் பக்கங்களையும் ஒப்பிட்டால்தான் தெரிகிறது. சீக்கிரம் வந்துவிட்டதே என்று மகிழ்ந்த மனம் இப்போது கூடவே கவலையும் படுகிறது. மகிழ்ச்சியைக் கவலை தின்றுவிட நான் விடுவதில்லை. இரண்டையும் எழுதிவைக்கிறேன்.

காலை வெயில் ஏறியதும் வீட்டு வேலை. வசந்தத்தின் முதல் நல்ல வெயிலில் கம்பளிகளை வெளியே போடுவது என் பொறுப்பு; வேறு யாரையும் தொட விடமாட்டேன். உதறி, கைப்பிடிச் சுவரில் விரித்து, நடுப்பகலில் ஒருமுறை புரட்டிப் போடுவேன். மாலையில் மடிக்கும்போது முகத்தை அதில் புதைத்துக்கொள்வேன். சூடும், வெயிலின் மணமும். தலைக்குக் குளித்துவிட்டு, கூந்தலைப் பின்னால் விரித்துவிட்டு, வெயிலுக்கு முதுகைக் காட்டி உட்காருவதும் அன்றைக்குத்தான். நரைத்த முடி எவ்வளவு சீக்கிரம் காய்ந்துவிடுகிறது!

பேரனுக்குச் சிறியதாகிப்போன ஸ்வெட்டரை அப்போது பிரித்துவிடுவேன். எனக்குப் பின்னுவதைவிடப் பிரிப்பது பிடிக்கும். கழுத்துப்பக்க முடிச்சைக் கண்டுபிடித்து, வெட்டி, இழுத்தால் போதும். வரிசை வரிசையாக அவிழ்ந்து வரும். ஆனால் அந்த நூல் நேராக இருக்காது. ஒரு குளிர்காலம் முழுக்கக் கண்ணியாக இருந்த பழக்கத்தில் நெளிநெளியாகச் சுருண்டே கிடக்கும். அதை நாற்காலி முதுகில் சுற்றி, அங்கங்கே தளர்வாகக் கட்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து, அடியில் சின்னதாக ஒரு பாரம் தொங்கவிட்டு வெயிலில் மாட்டினால் நெளிவு மெல்ல மெல்லப் போய்விடும். பழைய நூலோடு புது நூலும் சேர்த்து அடுத்த குளிருக்குப் பெரிய அளவில் பின்னலாம். வசந்தத்தில் உட்கார்ந்து குளிர்காலத்துக்குப் பின்னுவது எனக்குப் பிடித்த காரியம். அவன் அதற்குள் எவ்வளவு வளர்ந்திருப்பான் என்று கண்ணால் அளந்து, அதற்கும் ஒரு விரற்கடை கூட்டிக்கொள்வேன்.

மதியத்துக்குப் பிறகு பூங்காவுக்குப் போவேன். அங்கே என் தோழி வந்திருப்பாள். என்னைவிட மூத்தவள். வயது காதைத் தொடும்போது முதலில் கீச்சொலிகளைத்தான் எடுத்துக்கொள்கிறது. அவளுக்குப் பேச்சு கேட்கிறது, கார் சத்தம் கேட்கிறது, சின்னப் பறவைகள் கேட்பதில்லை. பெஞ்சுக்கு எதிரே புதரில் ஒரு குருவி பாடினால் அவள் அதன் தொண்டையைப் பார்ப்பாள். இறகு துடிப்பது அவளுக்குத் தெரியும். “பாடுகிறதா?” என்று கேட்பாள். “பாடுகிறது.” “எப்படி?” நான் என்னால் முடிந்த மட்டும் சொல்வேன்: முதலில் இழுத்து ஒன்று, பிறகு படபடவென்று நாலைந்து, கடைசியில் கேள்வி கேட்டது மாதிரி ஒரு ஏற்றம். அவள் தலையை ஆட்டிக்கொண்டே தொண்டையின் துடிப்போடு நான் சொன்னதைப் பொருத்திப் பார்ப்பாள். பல நாள் அதுவே எங்கள் பேச்சு முழுவதும். இதைவிட நல்ல பேச்சு எங்களுக்கு வேறு என்ன இருக்கிறது?

பூங்காவின் ஓரத்தில், வேலிக்கு அப்பால், யாரோ தேனீப் பெட்டிகள் வைத்திருக்கிறார்கள். வெயில் ஏறி காற்றில் குளிர் முறிந்தால்தான் தேனீக்கள் வெளியே வரும். வசந்தத்தின் தொடக்கத்தில் வருபவை வேகமில்லாதவை. சிலவற்றின் இறக்கை ஓரம் கிழிந்திருக்கும். அவை கிழத் தேனீக்கள். கோடையில் பிறக்கும் வேலைக்காரத் தேனீ சில வாரங்களிலேயே உழைத்து மாய்ந்துவிடும். குளிருக்கு முந்தின இலையுதிர் பருவத்தில் பிறப்பவை வேறு மாதிரி. உடலில் கொழுப்பும் புரதமும் சேர்த்துவைத்துக்கொண்டு பல மாதங்கள் வாழும். குளிர் முழுவதும் ராணியைச் சுற்றித் திரண்டு, சிறகுத் தசைகளை அதிரவைத்து, கூட்டுக்குச் சூடு தந்துகொண்டே இருக்கும். வசந்தத்தின் முதல் புழுக்களுக்கு உணவூட்டி வளர்ப்பதும் இவைதான். புதியவை கூட்டைப் பொறுப்பேற்கும் வரைக்கும் இருந்துவிட்டு, பிறகு ஒவ்வொன்றாக இல்லாமல் போகும். ஒருநாள் என் சால்வையில் ஒன்று வந்து உட்கார்ந்தது. முதுகில் மயிரெல்லாம் உதிர்ந்து, வழவழப்பாக, கறுத்திருந்தது. பின்கால்களில் மட்டும் இரண்டு மஞ்சள் மூட்டைகள், நிரம்ப மகரந்தம். அது மூச்சு வாங்குவதை அதன் வயிறு ஏறி இறங்குவதில் பார்க்க முடிந்தது. நான் அசையவே இல்லை. போதுமான அளவு இளைப்பாறிவிட்டுப் பறந்து போனது.

ஹாட்ஸா மக்களைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? அவர்களிடையே இன்னோர் ஆய்வும் நடந்திருக்கிறது. 1980-களில் மானுடவியலாளர் கிறிஸ்டன் ஹாக்ஸும் அவருடன் பணியாற்றியவர்களும் அங்கே போய், பாறை நிலத்தில் கிழங்கு தோண்டும் கிழவிகளைப் பார்த்து அசந்துபோனார்கள். பிள்ளை பெறும் வயதைக் கடந்த பெண்கள் இளம் தாய்மாரை விட அதிக நேரம் உணவு தேடினார்கள். தாய் அடுத்த குழந்தையைப் பெற்றிருக்கும்போது, பால் மறந்த மூத்த குழந்தையின் எடை பாட்டியின் உழைப்போடு ஏறி இறங்கியது. மனிதப் பெண் மகப்பேறு நின்ற பிறகும் நெடுங்காலம் வாழ்வது ஏன் என்ற கேள்விக்கு, பாட்டிகள் பேரப்பிள்ளைகளைக் காப்பாற்றினார்கள் என்பது அவர்கள் வைத்த விடை. பாட்டிக் கருதுகோள் என்று அதற்கே பெயர் வந்துவிட்டது.

இதைப் படித்துப் பெருமைப்பட்டேன். ஆனாலும் எனக்கு இதில் ஓர் உறுத்தல் உண்டு. பாட்டி இருப்பதற்கு ஒரு பயன் வேண்டும், பயனைக் காட்டினால்தான் அவளுக்கு இடம் என்று இதை யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. பிள்ளை பார்த்துக்கொள்வதற்காக மட்டும் நினைவுகூரப்படும் பாட்டிகளை நான் அறிவேன். கிழங்கு தோண்டிய அந்தப் பெண்ணும் இடையில் நிமிர்ந்து, முதுகைப் பிடித்துக்கொண்டு, மழைக்குப் பிறகு நிலம் பச்சையாவதைப் பார்த்திருப்பாள். அதை எந்தத் தராசும் எடை போடாது. அந்தப் பார்வை அவளுக்கே அவளுக்கானது.

அப்படியும் சொல்லிவிட முடியாது. பார்த்ததை யாரிடமாவது சொல்லாமல் இருக்க முடிகிறதா? தோழியின் காதைப் பார்த்த பிறகு எனக்கு ஒரு யோசனை வந்தது. என் நோட்டில் முதல் பறவைக் குரல் ஆண்டுக்கு ஆண்டு தாமதமாகிறது. மல்பெரி முன்னே வர, பறவை மட்டும் பின்னே போகிறது. அது பறவையின் தாமதமா, என் காதின் தாமதமா? கணக்கு சரியாக இருக்க வேண்டுமானால் இளம் காது ஒன்று தேவை. பேத்தியைக் கூப்பிட்டேன். இருட்டோடு எழுந்து வருவாளா என்று சந்தேகமாக இருந்தது. வந்தாள். போர்வையோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன்.

“பாட்டி, அதோ.”

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

“எங்கே, கண்ணு?”

“மரத்துக்குப் பின்னால். ரொம்பச் சின்னக் குரல். இப்போது நின்றுவிட்டது. இரு பாட்டி… மறுபடியும்.”

அவள் சொன்ன தேதியை அவளையே எழுதச் சொன்னேன். பெரிய கையெழுத்து, இரண்டு வரி இடத்தை அடைத்துக்கொண்டது. அன்றிலிருந்து நோட்டு எங்கள் இருவருடையது. பறவைகள் அவள் காதுக்கு, மரம் என் கண்ணுக்கு என்று வேலையைப் பிரித்துக்கொண்டோம். எறும்புகளை யார் முதலில் பார்த்தாலும் எழுதலாம்.

மரத்தில்தான் தகராறு. செதிலுக்கு நடுவே பச்சை தெரிந்தால் மல்பெரி துளிர்த்துவிட்டது என்று நான் எழுதுவேன். அவள் ஒப்புக்கொள்வதில்லை. “அது இலை இல்லை பாட்டி, வெறும் நுனி. இலையென்றால் விரிந்து, ஓரத்துப் பல்லெல்லாம் தெரிய வேண்டும்” என்கிறாள். இந்தக் கணக்கை முறையாக எழுதுகிறவர்களும் மொட்டு அவிழ்வதையும் இலை விரிவதையும் தனித்தனி நாளாகத்தான் குறிக்கிறார்கள் என்று தேடிப் படித்து எனக்கே சொல்லிக் கொடுத்தாள். அதனால் நோட்டில் ஒரு கோடு போட்டு இரண்டாகப் பிரித்திருக்கிறோம். இடதுபக்கம் எனக்கு, வலதுபக்கம் அவளுக்கு. இந்த ஆண்டு என் பக்கம் எழுதியாகிவிட்டது. அவள் தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், பையைக்கூட இறக்கி வைக்காமல், கைப்பிடிச் சுவரில் எக்கி நின்று கிளையைப் பார்க்கிறாள். இன்னும் இல்லை என்கிறாள்.